சின் முதற் பேரரசன்: ஏடும் கல்லும் காட்டும் உருவங்கள்

சீன நாட்டை முதன்முதலாக ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் முதற் பேரரசனைப் பற்றி உலகம் அறிந்திருப்பனவற்றுள் பெரும்பகுதி ஒரே நூலின் வாயிலாக வந்ததாகும். அந்நூல் சீமா சியென் இயற்றிய ‘ஷிச்சி’ என்னும் வரலாற்றுப் பெருநூல். 130 இயல்கள் கொண்ட அதன் ஆறாம் இயல் இப்பேரரசனின் வரலாற்றை ஆண்டு முறையில் விரித்துரைப்பது. இவ்வியல் பேரரசன் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின், சின் ஆட்சி வீழ்ந்த இடத்தில் எழுந்த ஹான் மரபின் அவையைச் சார்ந்த ஒருவரால் எழுதப்பட்டது. வென்றோர் காலத்து நூல் வீழ்ந்தோரை எங்ஙனம் காட்டும் என்னும் வினா இங்கு இயல்பாகவே எழுகின்றது.

இவ்வினாவிற்கு விடை கூறுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் நூலிற் கண்ட கதை ஒவ்வொன்றையும் நிகழ்ச்சியாகவே கொள்வர். மற்றொரு சாரார், 1975 முதல் மண்ணடியிலிருந்து வெளிப்பட்ட மூங்கில் ஏடுகளைக் கண்டபின், பேரரசன் மீது சுமத்தப்பட்ட பழி யாவும் ஹான் காலத்தார் கட்டிய பொய் என்பர். இவ்விரு கருத்தும் நூலை நூலாகப் படிக்காமையின் விளைவே என்பது நம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆட்சியின் வரலாறு

யிங் செங் என்னும் இயற்பெயருடைய இவ்வரசன் கி. மு. 259-இல் சாவ் நாட்டுத் தலைநகரான ஹான்தானிற் பிறந்தான். கி. மு. 246-இல், 13 அகவையில், சின் நாட்டின் அரியணை ஏறினான். தொடக்கத்தில் ஆட்சிப்பொறுப்பு அமைச்சர் லூ பூவெய் கையில் இருந்தது. கி. மு. 238-இல் லாவ் ஆய் என்பானின் கலகத்தை அடக்கிய பின்னரே அரசன் தானே ஆளத் தொடங்கினான். கி. மு. 230 முதல் 221 வரையிலான பத்தாண்டுகளில் எஞ்சிய ஆறு நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. வெற்றி முற்றிய ஆண்டிலேயே ‘ஹுவாங்தி’ என்னும் புதுப்பட்டத்தை அவன் படைத்துக்கொண்டான். தன்னை முதலாமவன் எனவும், பின் வருவோர் இரண்டாமவர், மூன்றாமவர் எனப் பல்லாயிரந் தலைமுறைக்கு எண்ணால் அழைக்கப்பெறுக எனவும் விதித்தான். அவ்வெண் இரண்டினைத் தாண்டவில்லை.

நிலம் 36 பெருங்கோட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அவை மீண்டும் சிறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பிறப்புரிமையால் அல்லாமல் அரசாணையால் அமர்த்தப்பட்ட அலுவலரால் ஆளப்பட்டன. எழுத்து, எடை, அளவை, வண்டி அச்சின் அகலம் ஆகியன ஒருமைப்படுத்தப்பட்டன. அளவைகளை ஒன்றாக்க வேண்டுமென்று கி. மு. 221-இல் பிறந்த ஆணை 40 எழுத்துக்களால் ஆனது. அது பொறித்த வெண்கல எடைக்கற்கள் இன்றும் கிடைக்கின்றன. தளபதி மெங் தியென் வடபுலத்து நாடோடிகளை ஓட்டி, முன்னிருந்த எல்லைச் சுவர்களை இணைத்தான். தெற்கே லிங்சூ என்னும் கால்வாய் இரண்டு ஆற்று வடிநிலங்களை இணைத்தது. கி. மு. 210-இல் கீழ்த்திசைச் சுற்றுலாவின்போது பேரரசன் சாச்சியூ என்னுமிடத்தில் இறந்தான். அடுத்த ஆண்டே கலகம் எழுந்தது. கி. மு. 206-இல் சின் ஆட்சி அழிந்தது. ஒருங்கிணைந்த பேரரசாக அது நின்றது 15 ஆண்டுகளே.

2. நூலாசிரியரின் நிலை

சீமா சியென் ஹான் பேரரசன் ஊ என்பானிடம் பணியாற்றியவர். தோற்றுப் பகைவர்பால் அடைந்த படைத்தலைவன் ஒருவனுக்காகப் பரிந்து பேசியமையால் ஆண்மை நீக்கும் தண்டத்திற்கு ஆளானவர். உயிர் துறவாது அவ்விழிவைப் பொறுத்தமை நூலை முடித்தற்பொருட்டே என்று அவரே கூறியுள்ளார். ஊ-வும் முதற் பேரரசனைப் போலவே சாவா மருந்தை நாடினான். அவனைப் போலவே, கி. மு. 110-இல் தாய் மலை மீது பெருவேள்வி இயற்றினான். ஆகலின் பழைய அரசனைக் காட்டும் ஓவியத்தில் புதிய அரசனின் சாயலும் படிந்திருத்தல் கூடும் எனப் பலர் கருதியுள்ளனர். அக்கருத்தை முற்றிலும் தள்ளுதற்கில்லை.

எனினும் நூலாசிரியர் ஹான் அவையின் எதிரொலியாக மட்டும் நிற்கவில்லை. ஆறு நாடுகளின் கால அட்டவணைக்கு வரைந்த முன்னுரையில், சின் ஆட்சி குறுகிய காலமே நின்றது என்பதனால் அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஆராயாது நகையாடும் புலவர்களை அவர் கடிந்துரைக்கின்றார். அன்னோர் செயல் செவியால் உண்பதனை ஒக்கும் என்பது அவர்தம் உவமையின் கருத்து. ஒருவன்மீது பழி கூறுவதொன்றே நோக்கமாக உடையவர் இவ்வாறு எழுதார்.

மேலும், ஆறாம் இயலின் இறுதியில் தம் தீர்ப்பாக அவர் வைத்தது தம் சொல்லன்று, தமக்கு முற்பட்ட சியா யி (கி. மு. 200–168) என்பாரின் ‘சின்னின் குற்றம்’ பற்றிய கட்டுரையே ஆகும். நாட்டை வெல்லும் வழியும் வென்றதைக் காக்கும் வழியும் வேறு வேறு என்பதனைச் சின் உணரவில்லை என்பதே சியா யியின் வாதம். இக்கட்டுரை பேரரசனின் ஆற்றலை ஒருசிறிதும் மறைக்கவில்லை. அவ்வாற்றலை உயர்த்திக் கூறிய பின்னரே வீழ்ச்சியை வியப்பிற்குரியதாகக் காட்டுகின்றது.

ஆயின் நூலில் நம்பத்தகாத பகுதிகளும் உள. பேரரசன் உண்மையில் லூ பூவெய்யின் மகன் என்னும் கதை 85-ஆம் இயலில் வருகின்றது. அதே இயல் தாயை ஓரிடத்தில் லூ பூவெய்யின் வீட்டு ஆடற்பெண் எனவும், பிறிதோரிடத்தில் சாவ் நாட்டுச் செல்வக்குடி மகள் எனவும் கூறுகின்றது. ஆறாம் இயலோ அவனைச் சின் மன்னன் சுவாங்சியாங்கின் மகன் என்றே ஐயமின்றிக் கூறும். ஒரே நூல் தனக்குள் முரணும்போது, எவ்விடத்து உரை ஆண்டுக் குறிப்பினின்று எடுக்கப்பட்டது, எவ்விடத்து உரை வழங்கிய கதையினின்று எடுக்கப்பட்டது எனப் பிரித்தறிதல் ஆராய்ச்சியாளர் கடமையாகும். சாச்சியூவில் சாவ் காவ் என்னும் ஏவலதிகாரியும் அமைச்சர் லி சியும் மறைவில் பேசிய பேச்சு 87-ஆம் இயலில் சொல்லுக்குச் சொல் தரப்படுகின்றது. அதனைக் கேட்டவர் யார், எழுதி வைத்தவர் யார்? இத்தகைய இடங்கள் நாடகத் திறம் மிக்கனவே அன்றிச் சான்று மிக்கன அல்ல.

3. கல்லின் குரல்

கி. மு. 219 முதல் 210 வரை பேரரசன் தன் புகழை ஏழு கற்களிற் பொறித்தான். அவற்றுள் ஆறன் வாசகத்தைச் சீமா சியென் முழுமையாகத் தம் நூலிற் பெய்துள்ளார். அவர் விட்ட யி மலைக் கல்லின் வாசகம், கி. பி. 993-இல் வெட்டப்பட்ட படியொன்றால் நமக்குக் கிடைக்கின்றது. லாங்யாக் கல்லிலும் தாய் மலைக் கல்லிலும் சிதைந்த சில பகுதிகளே மூலமாக எஞ்சியுள்ளன. ஆகவே பேரரசனின் தற்புகழை இன்றுவரை காத்துத் தந்தது அவனைக் குறைகூறும் நூலே என்னும் உண்மை முதற்கண் கருதத்தக்கது.

இக்கல்வாசகங்கள் செய்யுளால் ஆனவை. அடிக்கு நான்கு எழுத்து. பெரும்பாலும் மூன்றடிக்கு ஒருமுறை இயைபு. தாய் மலை வாசகம் 36 அடிகளும் 144 எழுத்துக்களும் கொண்டது. மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்க்கு இவற்றின் போக்கு புதிதாகத் தோன்றாது: போர் ஓய்ந்தது, சட்டம் தெளிவாயிற்று, உழவர் வயலிலும் மகளிர் நெசவிலும் மகிழ்ந்திருந்தனர், எல்லை நான்கு திசையும் பரந்தது என்பன அவற்றின் பொருள். இவ்வாசகங்களை விரிவாக ஆராய்ந்து 2000-இல் நூல் வெளியிட்ட மார்ட்டின் கெர்ன், அவற்றின் மொழியும் யாப்பும் பழைய சௌ மரபின் வெண்கலப் பொறிப்புக்களையும் ‘பாடல் நூலை’யும் வேராகக் கொண்டவை எனக் காட்டியுள்ளார். தாய் மலையில் கல் நடுதற்கு முன் லூ நாட்டுப் புலவரோடு பேரரசன் கலந்தாய்ந்தான் என்று ஷிச்சியும் கூறும். எனின், பிற்காலத்தில் எந்தப் பாடல் நூலைத் தனியார் வைத்திருத்தல் குற்றம் என்று தடுத்தானோ, அந்நூலின் நடையிலேயே பேரரசன் தன் புகழைப் பாடுவித்தான். கற்றலை வெறுத்த காட்டுமிராண்டி என்னும் உருவத்திற்கு இஃது ஒவ்வாது.

சீமா சியென் இவ்வாசகங்களுக்கு உரை எழுதவில்லை, மறுப்பும் கூறவில்லை. அவற்றை நிகழ்ச்சிகளின் இடையே நிறுத்திச் செல்கின்றார். கி. மு. 211-இல் கீழைக் கோட்டத்தில் விண்கல் ஒன்று வீழ்ந்தது என்றும், முதற் பேரரசன் இறப்பான், நிலம் பிளவுபடும் என்னும் கருத்தமைய யாரோ அதன்மேல் எழுதினர் என்றும், எழுதியவன் அகப்படாமையால் அருகில் வாழ்ந்தோர் அனைவரும் கொல்லப்பட்டுக் கல்லும் எரிக்கப்பட்டது என்றும் அவர் கூறுகின்றார். அரசன் நாட்டிய கற்களுக்கு எதிரே பெயரறியாக் குடிமகன் எழுதிய ஒரு கல் நிற்கின்றது. நூலாசிரியரின் தீர்ப்பு இவ்வைப்பு முறையில் அடங்கியுள்ளது. அவர் அரசனின் குரலை அடக்கவில்லை. அதற்கு எதிர்க்குரலைக் கொணர்ந்து அருகில் நிறுத்தினார். இதனைப் பொய்யுரை என்று கூறுதல் பொருந்தாது.

4. நூலெரிப்பு

கி. மு. 213-இல் சியென்யாங் அரண்மனை விருந்தொன்றில் சுன்யூ யூவே என்னும் அவைப்புலவர், பழைய முறைப்படி அரச குமாரர்க்கு நிலம் பகுத்தளித்தலே நாட்டிற்கு உறுதி பயக்கும் என்றார். அதனை மறுத்து லி சி அளித்த விண்ணப்பமே நூலெரிப்பிற்கு வழிவகுத்தது. அதன் கூறுகளைப் பிரித்துக் காணல் வேண்டும். சின் நாட்டு வரலாறு ஒழிந்த ஏனை நாடுகளின் வரலாறுகள் எரிக்கப்பட வேண்டும். பாடல் நூல், ஆவண நூல், பல்வேறு சமயத்தார் உரைகள் ஆகியவற்றைத் தனியார் வைத்திருப்பின் அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவைப்புலவர் தம் பணிக்கென வைத்திருந்தவற்றிற்கு விலக்கு உண்டு. மருத்துவம், குறி பார்த்தல், உழவு பற்றிய நூல்களுக்கும் விலக்கு உண்டு. பழமையைக் காட்டி நிகழ்காலத்தைப் பழிப்போர் குடும்பத்தோடு கொல்லப்படுவர். 30 நாட்களுக்குள் எரிக்காதோர் முகத்தில் பச்சை குத்தப்பட்டுக் கடும்பணிக்கு அனுப்பப்படுவர்.

இதனின்று இரு முடிபுகள் பெறப்படும். முதலாவது, அரசு நூல்களை ஒழிக்க முயலவில்லை. நூல்களின்மேல் தனியுரிமை கொள்ள முயன்றது. இறந்தகாலத்தைப் பற்றிப் பேசும் உரிமை அவையின் சுவர்களுக்குள் அடங்க வேண்டும் என்பதே கொள்கை. இரண்டாவது, இழப்பு எல்லா நூலுக்கும் ஒருதன்மைத்தாக இல்லை. பாடல் நூல் பலர் நாவில் வாழ்ந்தமையால் மீண்டும் எழுந்தது. ஆவண நூலை அவைப்புலவர் ஃபூ செங் சுவரினுள் மறைத்து வைத்துப் பின்னர் ஹான் காலத்தில் எஞ்சியதைக் கற்பித்தார். ஆறு நாடுகளின் வரலாறுகளோ அரசச் சேமிப்பறைகளில் மட்டும் இருந்தன. ஆதலால் அவை மீளவில்லை. இவ்வேறுபாட்டை முதலில் எடுத்துரைத்தவரும் சீமா சியெனே. படிகள் பலவாகப் பரவிய நூல் பிழைக்கும். ஓரிடத்தில் ஒரு படியாக நின்ற நூல் மாளும் என்பது சுவடிகளோடு பழகுவோர்க்கு வெளிப்படை. கி. பி. 3-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெய் நாட்டு ஆண்டுவரலாறு ஒன்று பழங் கல்லறையிலிருந்து வெளிப்பட்டது. புதையுண்டமையால் நெருப்புக்குத் தப்பிய அதன் மூலமும் பின்னர் மறைந்து போயிற்று.

எரிந்தவற்றிற்கெல்லாம் பேரரசன் ஒருவனையே பொறுப்பாக்குதலும் ஆகாது. அவைப்புலவர்தம் படிகள் இருந்த தலைநகரை கி. மு. 206-இல் சியாங் யூ தீக்கிரையாக்கினான். அத்தீ மூன்று மாதம் எரிந்தது என்பர். தீக்கு முன்னரே நகருட் புகுந்த சியாவ் ஹே நிலப்படங்களையும் ஆட்சி ஆவணங்களையும் எடுத்துக் காத்தார். பழைய இலக்கியங்களை எடுத்தார் என்ற செய்தி இல்லை. தனியார் நூல் வைத்திருத்தலைத் தடுத்த சட்டத்தை ஹான் ஆட்சியும் உடனே நீக்கவில்லை. அது நீக்கப்பட்டது கி. மு. 191-இலேயே.

புலவரைக் கொன்ற செய்தியையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். கி. மு. 212-இல், சாவா மருந்து தருவதாகக் கூறி ஏமாற்றி ஓடிய இருவர் பொருட்டு எழுந்த விசாரணையில் 460-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்கிறது ஷிச்சி. நூலின் மற்றோரிடம் கொல்லப்பட்டவரை மாய வித்தையர் என்னும் பொருள்படும் சொல்லாற் குறிக்கின்றது. பேரரசனின் மூத்த மகன் ஃபூசூ அவர்களைக் கன்பூசியர் நெறி ஓதுவோர் என்று கூறித் தந்தையைத் தடுத்தான் எனவும் காண்கிறோம். அடுத்த ஆண்டிலேயே அவைப்புலவர் பேரரசனுக்குப் பாடல் புனைந்தனர் என்பதால், புலவர் குலம் முழுதும் அழிக்கப்படவில்லை என்பது தெளிவு. எண் சிறிதாதலால் கொலை கொலையன்று ஆகிவிடாது. ஆயின் கதையின் அளவு பிற்காலத்தார் நாவிற் பெருகியது என்பதனை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

5. மண்ணடியிற் கிடைத்த ஏடுகள்

1975-இல் ஹூபெய் மாநிலத்துச் சுய்ஹூதியில், கி. மு. 217-ஐ ஒட்டி இறந்த சி என்னும் சிற்றலுவலரின் கல்லறையில் 1,100-க்கு மேற்பட்ட மூங்கில் ஏடுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பகுதி சட்டம். அவற்றோடு இருந்த ஆண்டுக் குறிப்பு ஷிச்சி கூறும் போர்களின் ஆண்டுகள் பலவற்றை உறுதி செய்தது. நூலாசிரியர் பயன்படுத்திய சின் நாட்டுக் குறிப்புக்கள் உண்மையானவை என்பது இதனாற் புலனாயிற்று.

முரண்படும் இடங்களும் உள. மழையாற் காலந்தாழ்த்தமையின் தலை போகும் என்று அஞ்சியே கி. மு. 209-இல் சென் செங் 900 பேருடன் கலகத்தில் இறங்கினான் என்பது ஷிச்சியின் கூற்று. சுய்ஹூதி ஏட்டின் பணிச் சட்டமோ, மூன்று முதல் ஐந்து நாள் வரை தாழ்த்தால் கடிந்துரை, ஆறு முதல் பத்து நாள் வரை ஒரு கேடகம் தண்டம், பத்து நாளுக்கு மேற்படின் ஒரு கவசம் தண்டம் என்கின்றது. மழை பெய்யின் பணியே விலக்கப்படும். இதுகொண்டு ஷிச்சி பொய்த்தது என்று முழங்குவோர் உளர். அவ்வேடு ஊழியப் பணி பற்றியது. சென் செங்குடன் சென்றோர் எல்லைக் காவலர். அன்றியும் ஏடு கலகத்திற்கு எட்டாண்டேனும் முற்பட்டது. ஆகலின் ஐயம் எழுப்ப அச்சட்டம் போதும். தீர்ப்புக் கூறப் போதாது.

இதனினும் கூர்மையான சான்று ஹூனான் பல்கலைக்கழகத்து யூவேலூக் கல்விக்கழகம் 2007-இல் பெற்ற ஏடுகளில் உளது. கடுங்காற்றால் ஆற்றைக் கடக்கவியலாத பேரரசன், சியாங் மலைத் தெய்வத்தின்மேல் சினந்து, 3,000 கைதிகளை ஏவி மலையின் மரங்களையெல்லாம் வெட்டுவித்தான் என்று ஷிச்சி கூறும். யூவேலூ ஏட்டில் காணப்படும் ஆணையோ, அம்மலைமீது ஏறி நின்ற பேரரசன் மரங்களின் அழகைக் கண்டு, அவற்றை எவரும் வெட்டலாகாது என விதித்ததாக உள்ளது. ஆணையின் ஆண்டைப் படிப்பதில் அறிஞர் வேறுபடுவர். எனினும் வெறிகொண்ட அரசனின் செயலுக்கு எடுத்துக்காட்டாக இனி அக்கதையை ஆராயாது வழங்குதல் இயலாது.

பெய்சிங் பல்கலைக்கழகம் 2009-இல் பெற்ற ஹான் கால ஏடுகளுள் ‘சாவ் செங்கின் நூல்’ என்பதும் ஒன்று. இறக்கும் அரசன் தானே இளைய மகன் ஹூஹாயைத் தேர்ந்தான் என அது கூறும். சாச்சியூச் சூழ்ச்சி அதிலில்லை. இதனை ஷிச்சிக்கு மாற்றான உண்மை எனக் கொள்ளுதலும் விரைவேயாகும். சிறையிலிருந்து லி சி எழுதியதாக வரும் முறையீடு இரண்டிலும் உளது. வழக்கிலிருந்த பல கதைகளுள் சீமா சியென் ஒன்றைத் தேர்ந்தார் என்பதே இதனால் தெளிவாவது. மேலும், கல்வியாளர் அகழ்ந்தெடுக்காமல் கைமாறி வந்த ஏடுகளை, இடம் அறிந்து அகழ்ந்தெடுத்த ஏடுகளோடு ஒருநிகராக வைத்தலில் எச்சரிக்கை வேண்டும்.

2002-இல் லியே என்னுமிடத்துக் கிணற்றிலிருந்து 36,000-க்கு மேற்பட்ட ஏடுகள் வெளிப்பட்டன. ஒரு தொலைவட்டத்தின் அன்றாட ஆட்சியை அவை காட்டுகின்றன. புதிய பேரரசில் எந்தப் பழஞ்சொல்லை விடுத்து எதனை வழங்க வேண்டும் என்னும் பட்டியல் பலகையும் அவற்றுள் ஒன்று. சுய்ஹூதிச் சட்டமோ, 1,920 லியாங் கொண்ட பெரிய எடையில் 16 லியாங் பிழைபட்டாலே பொறுப்பலுவலர்க்குக் கவசத் தண்டம் விதிக்கின்றது. இந்நுணுக்கமே நாம் கருதத்தக்கது. வெறியால் ஆண்ட ஆட்சி அன்று இது. கணக்கால் ஆண்ட ஆட்சி. அதன் கொடுமை அரசனின் சினத்தில் இல்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு எடையும், ஒவ்வொரு சொல்லும் அரசின் கணக்கிற்குள் வரவேண்டும் என்னும் தளராத கொள்கையில் உளது.

6. பின்னோர் மதிப்பீடு

ஹான் மரபு சின் ஆட்சியைச் சொல்லாற் பழித்துச் செயலால் ஏற்றது. சாங்சியாசானில் கிடைத்த கி. மு. 186-ஆம் ஆண்டைச் சார்ந்த சட்ட ஏடுகள், ஹான் சட்டம் சின் சட்டத்தின் வழிவந்ததே என மெய்ப்பித்தன. தாங் காலத்து லியூ சோங்யுவான் (773–819), கோட்ட ஆட்சிமுறை அரசனின் தன்னலத்தால் எழுந்ததாயினும், விளைவில் நாட்டைப் பொதுவாக்கிற்று என்றார். சின் வீழ்ந்தது முறையால் அன்று, அதனைச் செலுத்திய வகையால் என்பது அவர் துணிபு. மிங் காலத்து லீ ஜி (1527–1602) இவனை நெடுங்காலத்திற்கு ஒருவனாகத் தோன்றிய பேரரசன் எனப் போற்றினார். 1974-ஐ ஒட்டிச் சீனாவில் நிகழ்ந்த கன்பூசியர் எதிர்ப்பியக்கத்தில், பேரரசன் முற்போக்கின் தலைவனாகப் பாராட்டப்பட்டான். அவ்வாண்டிலேயே அவன் கல்லறையருகே கிணறு தோண்டிய உழவர் சுடுமண் படையைக் கண்டனர். ஷிச்சி அப்படையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஆயின் அது கூறிய பாதரச ஆறுகளுக்குக் கல்லறை மேட்டு மண்ணின் மிகுந்த பாதரசம் சான்றாயிற்று. அறிந்ததைக் கூறி அறியாததை விட்ட நூல் என்பதற்கு இஃதொன்றே சாலும்.

7. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஷிச்சியின் ஆறாம் இயல் ஆண்டுக் குறிப்பு, கல்வாசகம், அவை விண்ணப்பம், வழங்கிய கதை என்னும் நால்வகை மூலங்களால் ஆனது என்பது பெறப்படும். முதல் மூன்றும் பெரிதும் நம்பத்தக்கன; நான்காவது தனித்தனியே ஆராயத்தக்கது. புதிய ஏடுகள் தகர்ப்பவை பெரும்பாலும் நான்காம் வகையையே. அவை தகர்ந்தமையால் பேரரசன் குற்றமற்றவன் ஆகான். அவனுக்கு எதிரான வலிய சான்று பகைவர் கட்டிய கதையன்று; அவன் ஏற்ற விண்ணப்பமும், அவன் அலுவலர் காத்த சட்டமும், அவன் நாட்டிய கல்லுமே ஆகும். பழமையைக் காட்டி நிகழ்காலத்தை அளத்தல் குற்றம் என்று விதித்த அரசனை, அவன் விதியையும் அவன் புகழையும் ஒருங்கே காத்து, பழமையைக் கொண்டே அளந்தார் சீமா சியென். நம் காலத்து ஆராய்ச்சியாளர் அவர் நூலைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். திருத்துதற்கு வேண்டிய முதற் கருவிகளை அவரே நமக்கு வைத்துச் சென்றார் என்பதனை மறத்தல் ஆகாது.